பிக்கப் வண்டியை உருவாக்கியவர்கள்: ஃபோர்டு மாடல் டி உரிமையாளர்களின் அனுபவ வரலாறு

பிக்கப் என்பது முன்பக்கம் ஓட்டுநர் இருக்கையும் பின்பக்கம் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட சிறு சுமையுந்து ஆகும். தொட்டியின் பின்பலகையைக் கீழே இறக்கிச் சரக்கை ஏற்றலாம், இறக்கலாம். அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் தன் முதல் பிக்கப்பை 1925 ஏப்ரல் 15 அன்று வெளியிட்டது. "பிக்கப் தொட்டியுடன் கூடிய மாடல் டி ரன்னபவுட்" என்பது அதன் பெயர். விலை 281 டாலர். பிக்கப் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் பலரும் இந்தத் தேதியிலிருந்தே தொடங்குகிறார்கள்.

ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கக் கிராமங்களில் பிக்கப் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைச் செய்தவர்கள் உழவர்களும் பால்காரர்களும் ஊர்க் கொல்லர்களும் சிறு கடைக்காரர்களும் ஆவர். மக்கள் பயணம் செய்வதற்காக விற்கப்பட்ட காரை வாங்கி, அதன் பின்பகுதியைக் கழற்றிவிட்டு, பலகைப் பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொண்டார்கள். தொழிற்சாலை 1925-ல் செய்தது, இவர்கள் ஏற்கெனவே செய்து பார்த்ததைத்தான். அந்த வண்டி அவர்களுக்குக் கொடுத்த தொல்லைகள் என்ன, டயர் அவர்களை என்ன பாடு படுத்தியது, என்னென்ன உதிரிகளை வாங்கிப் பூட்டினார்கள் என்று பார்த்தால்தான் பிக்கப் எப்படி உருவானது என்பது விளங்கும்.

முடிக்கப்படாத வண்டி

மாடல் டி கார் 1908 அக்டோபர் 1 அன்று அறிமுகமானது. 1927-ல் உற்பத்தி நிற்கும்வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. நான்கு சிலிண்டர், 2.9 லிட்டர், 20 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின். உயரமான அச்சு, இலேசான உடல். அக்காலத்து அமெரிக்கக் கிராமச் சாலை என்பது மழைக்காலத்தில் சேறு, வெயில் காலத்தில் வண்டித் தடப் பள்ளம். அதில் மற்ற கார்கள் சிக்கிக்கொள்ளும்போது இந்த வண்டி தாண்டிப் போயிற்று. உழவர்கள் இதை விரும்பியதற்கு முதல் காரணம் இதுவே. இரண்டாவது காரணம் விலை. தொடக்கத்தில் 825 டாலராக இருந்த இரண்டு இருக்கை ரன்னபவுட்டின் விலை, 1913-ல் நகரும் பொருத்து வரிசை வந்த பிறகு பெரிதும் இறங்கி, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்துவிட்டது.

விலை குறைந்ததற்கு ஒரு பக்கம் உற்பத்தி முறை காரணம் என்றால், மறுபக்கம் வண்டியில் பல பொருள்கள் இல்லாததும் காரணம். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் கிடையாது. முன்னிருக்கையின் மெத்தையைத் தூக்கி, அடியிலிருக்கும் தொட்டியின் மூடியைத் திறந்து, அளவு கீறிய குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் அளவு அறிய, வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சினின் அடிப்பகுதியில் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு சிறு குழாய்களைத் திருக வேண்டும். மேல் குழாயில் எண்ணெய் சொட்டினால் போதிய அளவு இருக்கிறது, கீழ்க் குழாயிலும் வரவில்லை என்றால் ஆபத்து. தண்ணீர் பம்பு முதல் சில ஆயிரம் வண்டிகளில் மட்டும் இருந்தது, பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். சூடான நீர் மேலேறும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை விதியை நம்பியே ரேடியேட்டர் வேலை செய்தது. பள்ளியில் நாம் வெப்பச் சலனம் என்று படிக்கிறோமே, அதேதான். சமதரையில் அது போதும். பாரம் ஏற்றிக்கொண்டு மேடேறினால் தண்ணீர் கொதித்துவிடும்.

பெட்ரோல் பம்பும் கிடையாது. தொட்டியிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தானாக வழிந்து வர வேண்டும். தொட்டியில் அளவு குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால், கார்புரேட்டர் தொட்டியைவிட உயரத்துக்குப் போய்விடும், எஞ்சின் நின்றுவிடும். இதற்கு உரிமையாளர்கள் கண்ட வழி எளியது. வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஓட்டியே மலை ஏறினார்கள். வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள், ஆனால் ஏராளமானோர் அன்றாடம் செய்த காரியம் இது. பின் கியர் மற்றவற்றைவிட இழுவை மிக்கதாக இருந்ததால் இதில் இன்னொரு நன்மையும் இருந்தது.

கைப்பிடியும் மணிக்கட்டும்

எஞ்சினை இயக்க முன்புறம் தொங்கும் இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அதற்கு முன் ஸ்டீயரிங்கின் இடப்பக்கமுள்ள பொறி நெம்புகோலை மேலே தள்ளியிருக்க வேண்டும். மறந்துவிட்டால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி பறந்து, எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். கைப்பிடி திரும்பி அடித்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். மணிக்கட்டில் ஆர எலும்பின் முனை முறிவதை எலும்பு மருத்துவர்கள் இன்றும் "ஓட்டுநர் முறிவு" என்ற பொருள்படும் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றிப் போடாமல் மற்ற விரல்களோடு சேர்த்து வைக்க வேண்டும், மேலிருந்து கீழே அழுத்தாமல் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும் என்பது தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நம் ஊரிலும் பழைய லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் முன்னால் நின்று கைப்பிடி போட்டுச் சுற்றியவர்கள் இதே பாடத்தைக் கற்றவர்களே.

குளிர்காலத்தில் வேறொரு தொல்லை. மாடல் டி-யின் கியர் தொகுதியும் கிளட்சும் எஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும். குளிரில் எண்ணெய் இறுகிவிட்டால் கிளட்ச் விடுபடாது. கைப்பிடியைச் சுற்றி எஞ்சின் பிடித்ததும் வண்டி தானே நகர்ந்து, சுற்றியவரையே தள்ளிக்கொண்டு போகும். அதனால் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டுத்தான் பலர் வண்டியை இயக்கினார்கள். ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றுவதும் உண்டு.

தூக்கி வைத்த அந்தச் சக்கரம் அவர்களுக்கு இன்னொரு யோசனையைக் கொடுத்தது. தரையைத் தொடாமல் சுழலும் சக்கரத்தில் ஒரு பெல்ட்டை மாட்டினால் மரம் அறுக்கலாம், சோளம் உதிர்க்கலாம், கிணற்று நீர் இறைக்கலாம், வெண்ணெய் கடையலாம், துணி துவைக்கும் இயந்திரத்தைக்கூட ஓட்டலாம். மின்சாரம் எட்டிப் பார்க்காத பண்ணைகளில் கார் ஒரு நகரும் எஞ்சினாகவும் ஆயிற்று. ரொனால்டு கிளைன், டிரெவர் பின்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-ல் எழுதிய ஒரு கட்டுரையில், அமெரிக்கக் கிராமத்து மக்கள் காருக்குத் தாங்களே புதிய பொருள் கொடுத்ததை விரிவாக விளக்கியிருக்கிறார்கள். தொழில்நுட்ப வரலாற்றை எழுதும்போது கண்டுபிடித்தவரோடு பயன்படுத்தியவரையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அக்கட்டுரை அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

டயர் என்னும் ஓயாத தொல்லை

எஞ்சின் கோளாறுகளை உரிமையாளர்கள் ஓரளவு சிரித்துக்கொண்டே பொறுத்தார்கள். டயரைப் பற்றிப் பேசும்போது மட்டும் சிரிப்பு குறைந்துவிடும்.

தொடக்க கால மாடல் டி-யில் முன்சக்கரத்துக்கு ஓர் அளவு டயர், பின்சக்கரத்துக்கு வேறோர் அளவு. வெளிவிட்டம் இரண்டுக்கும் 30 அங்குலம், ஆனால் முன்டயரின் தடிமன் 3 அங்குலம், பின்டயரின் தடிமன் மூன்றரை அங்குலம். ஆகவே கையிருப்பில் இரண்டு அளவு டியூப் இருக்க வேண்டும். சக்கரம் மரக் கால்களால் ஆனது. ரிம் அதோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருந்தது, கழற்ற முடியாது. இன்று பஞ்சர் ஆனால் ஸ்டெப்னியை எடுத்து மாட்டிவிட்டுப் போகிறோம். அன்று அது நடக்காது. சாலையோரத்தில் ஜாக்கி வைத்து, இரும்புப் பட்டைகளால் டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுத்து, டியூபை உருவி, ஓட்டையைக் கண்டுபிடித்து, சுரண்டி, ஒட்டுப் போட்டு, மறுபடி உள்ளே திணித்து, கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். அந்த டயருக்கு அழுத்தமான காற்று தேவை. டயரின் ஓரம் கொக்கிபோல ரிம்முக்குள் மாட்டியிருக்கும், காற்றழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கும். சோம்பல்பட்டுக் குறைவாக அடித்தால் வளைவில் டயர் கழன்று ஓடிவிடும்.

குதிரை வண்டிகள் ஓடிய சாலைகள் என்பதால் எங்கு பார்த்தாலும் இலாட ஆணிகள் கிடந்தன. ஆணி ஒருபுறம் இருக்க, டயரின் உள்ளமைப்பே தன்னைத்தானே அறுத்துக்கொள்வதாக இருந்தது. பருத்தித் துணியைக் குறுக்கும் நெடுக்குமாக நெய்து, அதன்மேல் ரப்பரைப் பூசிச் செய்தார்கள். சக்கரம் உருளும்போது டயர் நெளியும். நெளியும்போது குறுக்கு நூலும் நெடுக்கு நூலும் ஒன்றையொன்று உராய்ந்து சூடேறி அறுந்துபோகும். வெளியே நன்றாகத் தெரியும் டயர் திடீரென்று வெடிப்பதற்கு இதுவே காரணம். நூல்களை ஒரே திசையில் அடுக்கி, இடையில் ரப்பரை வைத்துச் செய்த கார்டு வகை டயர்கள் பரவிய பிறகு இந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது. ரப்பரோடு கரித்தூள் சேர்க்கத் தொடங்கியதும் இதே காலத்தில்தான். அதற்கு முன் டயர்கள் வெளிர் நிறத்தில் இருந்தன. கரித்தூள் சேர்த்த ரப்பர் தேய்மானத்தை மிக அதிகமாகத் தாங்கியது. டயர் கறுப்பாக இருப்பது அழகுக்காக என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த முன்னேற்றங்கள் வரும்வரை உரிமையாளர்கள் சும்மா இருக்கவில்லை. தேய்ந்துபோன பழைய டயரின் ஓரக் கொக்கிகளை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஓடுகிற டயருக்குள் உறைபோலப் போட்டார்கள். வெடித்த இடத்தில் உள்ளே துணி ஒட்டுப் போட்டு, வெளியே தோல் கச்சு கட்டினார்கள். மரச் சக்கரம் வெயிலில் உலர்ந்து கால்கள் ஆடத் தொடங்கினால், வண்டியை ஓடைக்குள் இறக்கி நிறுத்தி, மரம் ஊறி இறுகும்வரை காத்திருந்தார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

கழற்றக்கூடிய ரிம் 1919-ல்தான் மாடல் டி-க்கு வந்தது. அதன்பிறகே காற்றடித்த டயரோடு கூடிய மாற்று ரிம்மைக் கூடவே எடுத்துப் போக முடிந்தது. மின்சார ஸ்டார்ட்டரும் அதே ஆண்டில் வந்தது. காடிலாக் காரில் அது 1912-லேயே வந்துவிட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், மலிவு வண்டி வாங்கியவர்கள் மணிக்கட்டைப் பணயம் வைத்து எத்தனை ஆண்டு காத்திருந்தார்கள் என்பது தெரியும். குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் தடித்த "பலூன்" டயர்கள் 1925-ல் கூடுதல் விலைக்குக் கிடைத்தன. அடுத்த ஆண்டு முதல் எல்லா வண்டிகளுக்கும் அவையே வந்தன.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது

இந்த டயர்களின் கதையில் தமிழர்களுக்கு நேரான பங்கு உண்டு. உலகில் விளைந்த ரப்பரில் பெரும்பங்கை வாங்கியது அமெரிக்கா. அதில் பெரும்பகுதி பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த மலாயாவிலும் இலங்கையிலும், டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகளிலும் விளைந்தது. மலாயாவின் பெருந்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். கான்சாஸ் பண்ணைச் சாலையில் ஒருவர் நெம்பி எடுத்த டயரில் இவர்களின் உழைப்பு இருந்தது. இரு தரப்பாரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள்.

முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை சரிந்தது. 1922-ல் ஒரு பவுண்டு எடை 20 சென்ட்டுக்கும் கீழே போயிற்று. தோட்ட முதலாளிகளைக் காப்பாற்ற, அந்த ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் அரசு மலாயா, இலங்கை ரப்பரின் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டியது. இது ஸ்டீவன்சன் திட்டம் எனப்படும். விளைவு, 1925-ல் விலை ஒரு டாலரைத் தாண்டியது. ஃபோர்டின் பிக்கப் வெளிவந்த அதே ஆண்டு இது. அன்றைய அமெரிக்க வணிகத்துறைச் செயலாளர் ஹெர்பர்ட் ஹூவர், டயரைப் பேணுங்கள், பழுது பார்த்துப் பயன்படுத்துங்கள், பழைய ரப்பரை மீட்டெடுங்கள் என்று நாடு முழுதும் பரப்புரை செய்ய வைத்தார். பழைய டயரை வெட்டி உறை போட்ட உழவர்களுக்கு அந்த அறிவுரை தேவைப்பட்டிருக்குமா என்பது ஐயமே. ஹார்வி ஃபயர்ஸ்டோன் 1926-ல் லைபீரியாவில் பத்து லட்சம் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார். ஹென்றி ஃபோர்டு பிரேசிலின் அமேசான் காட்டில் ஃபோர்ட்லாண்டியா என்ற தோட்ட நகரத்தை அமைக்கப் புறப்பட்டு, இலைக்கருகல் நோயிடமும் காட்டிடமும் தோற்று, 1945-ல் அதைக் கைவிட்டார்.

விலை ஏறியபோது மலாயாத் தமிழரின் கூலி அந்த அளவுக்கு ஏறிவிடவில்லை. 1928-ல் திட்டம் கைவிடப்பட்டு, 1930 முதல் உலகப் பொருளாதார மந்தம் தாக்கியபோது கூலி வெட்டப்பட்டது மட்டுமல்லாமல், பல்லாயிரம் பேர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். டயர் வரலாற்று நூல்கள் விலைப் பட்டியலைக் கொடுக்கின்றன. இவர்களைப் பற்றி அவற்றில் அதிகம் இருப்பதில்லை.

உதிரிகளின் சந்தை

மாடல் டி-யில் என்ன இல்லையோ அதை விற்பதற்கென்றே ஒரு தொழில் வளர்ந்தது. கான்சாஸ் நகரத்தில் ஜார்ஜ் பெப்பர்டைன் என்பவர் 1909-ல் ஐந்து டாலருக்கு அஞ்சல்தலை வாங்கி, கார் உரிமையாளர்களுக்கு விலைப்பட்டியல் அனுப்பித் தொடங்கிய வணிகம், வெஸ்டர்ன் ஆட்டோ என்ற பெரும் நிறுவனமாயிற்று. சியர்ஸ் நிறுவனத்தின் தடித்த அஞ்சல்வழி விற்பனை நூலில் பக்கம் பக்கமாக ஃபோர்டு உதிரிகள் வந்தன. பழைய இரும்புக் கடையாகத் தொடங்கி உதிரி விற்பனையில் பெயர் பெற்றவர்களும் உண்டு.

என்ன வாங்கினார்கள் என்று பார்த்தால், ஒவ்வொரு பொருளும் ஒரு புகாருக்கு விடை என்பது தெரியும். தண்ணீர் கொதிப்பது ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும், ஆகவே ரேடியேட்டர் மூடியின்மேல் பொருத்தும் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற வெப்பமானி. கொதிக்காமலே இருக்கத் தண்ணீர் பம்பு. குலுக்கலைக் குறைக்க ஹாஸ்லர் அதிர்வு தாங்கி. மேட்டில் முன்சிலிண்டருக்கு எண்ணெய் போய்ச் சேராததால் தனி எண்ணெய்க் குழாய். எஞ்சின் சுழற்சியைப் பொறுத்தே முகப்பு விளக்கு எரிந்ததால், மெதுவாகப் போகும்போது, அதாவது வெளிச்சம் மிகவும் தேவைப்படும் இடத்தில், விளக்கு மங்கிவிடும். அதற்கென்று மின்கலத்தில் எரியும் கூடுதல் விளக்கு. கடகடவென்று ஆடும் பாகங்களை இறுக்கிப் பிடிக்கும் சிறு ஸ்பிரிங்குகளுக்குக்கூட நல்ல விற்பனை இருந்தது.

பாரம் ஏற்றியவர்களின் தேவை இன்னும் அவசரமானது. மாடல் டி-யின் கால் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, கியர் பெட்டிக்குள் ஒரு பட்டையை இறுக்கும். பருத்தி உறை போட்ட அந்தப் பட்டை நீண்ட இறக்கத்தில் தீய்ந்து போகும். அப்போது நடுவிலிருக்கும் பின்கியர் மிதியை மிதித்து வண்டியை நிறுத்துவது அனுபவசாலிகளின் வழக்கம். மூட்டைகளோடு மலையிறங்குகிறவருக்கு அது போதாது. பின்சக்கரங்களை வெளியிலிருந்து கவ்வும் "ராக்கி மவுண்டன்" பிரேக்குகளை அவர்கள் வாங்கிப் பூட்டினார்கள். இரண்டே முன்கியர்கள் இருந்ததால், ஒன்று மிக மெது, மற்றொன்று பாரத்துக்கு மிக வேகம் என்ற நிலை. இடைப்பட்ட வேகங்களைத் தரும் ரக்ஸ்டெல் அச்சு இதற்காக வந்தது. ஃபோர்டு நிறுவனமே ஒப்புதல் அளித்த மிகச் சில வெளியார் உதிரிகளில் அது ஒன்று.

பின்னிருக்கை போய்ப் பெட்டி வந்தது

இப்போது பெட்டிக்கு வருவோம். உழவருக்குக் காரில் வாரத்தில் ஒருநாள் குடும்பம் கோயிலுக்குப் போக வேண்டும், மற்ற நாள்களில் பால் கேனும் முட்டைக் கூடையும் தீவன மூட்டையும் போக வேண்டும். இரண்டு இருக்கை ரன்னபவுட்டின் பின்னால் ஆமை முதுகுபோல ஒரு மூடிய பெட்டி இருந்தது. அதைக் கழற்றினால் அடிச்சட்டத்தின்மேல் வெற்றிடம் கிடைக்கும். அங்கே பலகைத் தொட்டி ஒன்றை வைத்து நான்கு போல்ட்டுகளால் முறுக்கினால் வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை தொட்டியை இறக்கிவிட்டுப் பழையதை மாட்டுவாரும் உண்டு. ஊர்த் தச்சரும் கொல்லரும் செய்துகொடுத்த இந்தத் தொட்டியைப் பிறகு சிறு பட்டறைகள் ஆயத்தமாகவே செய்து விற்றன. காரின் அடிச்சட்டத்தை நீட்டி, உறுதியான பின்அச்சைச் சேர்த்து, ஒரு டன் லாரியாக மாற்றித் தரும் "ஸ்மித் ஃபார்ம்-எ-டிரக்" போன்ற தொகுப்புகளும் விற்பனைக்கு வந்தன.

இவற்றின் விற்பனையைப் பார்த்த ஃபோர்டு நிறுவனம் 1917-ல் மாடல் டிடி என்ற ஒரு டன் சுமையுந்தை வெளியிட்டது. 600 டாலருக்குக் கிடைத்தது வெறும் அடிச்சட்டமும் எஞ்சினும்தான். மேற்கட்டை வாங்கியவரே கட்டிக்கொள்ள வேண்டும். பாரம் தாங்கியதே தவிர மிக மெதுவான வண்டி அது. சிறு உழவருக்கு ஒரு டன் தேவையில்லை, கால் டன் போதும், ஆனால் ஊருக்குச் சீக்கிரம் போய்வர வேண்டும். ஆகவே அவர்கள் காரை வெட்டுவதை நிறுத்தவில்லை. அமெரிக்கப் பண்ணைகளில் 1920-ல் இருபது லட்சத்துக்கும் மேல் கார்கள் இருந்தன, லாரிகளோ ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. சரக்கு எதில் போயிற்று என்று இந்த எண்ணிக்கையே சொல்லும்.

1925-ல் வந்த பிக்கப்பின் அமைப்பைப் பாருங்கள். இரும்புத் தகட்டாலான தொட்டி, நீளம் நாலரை அடிக்குச் சற்று மேல். இறக்கக்கூடிய பின்பலகை. பக்கவாட்டில் கம்பு செருகிப் பலகையால் உயர்த்திக்கொள்ள நான்கு துளைப்பைகள். பாரம் தாங்கும் கனமான பின்ஸ்பிரிங். கொல்லுப்பட்டறைகளில் தேறிய ஏற்பாடுகள்தாம் இவையெல்லாம். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 34,000 வண்டிகள் விற்றன. போட்டி நிறுவனமான செவ்ரோலேவும் நெடுநாள் வெளியாரின் தொட்டிகளையே நம்பியிருந்து, 1930-ல் மார்ட்டின்-பாரி என்ற மேற்கட்டு நிறுவனத்தை விலைக்கு வாங்கிய பிறகுதான் தானே செய்யத் தொடங்கியது. பண்ணை லாரிகளின் எண்ணிக்கை 1930-ல் சுமார் 9 லட்சமாக உயர்ந்தது.

ஆஸ்திரேலியாவில் இதே கதை வேறுவிதமாக நடந்தது. விக்டோரியா மாநிலத்து உழவர் ஒருவரின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை நனையாமல் தேவாலயத்துக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும் என்று ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்குக் கடிதம் எழுதினார். லூயிஸ் பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் அதற்கு விடையாக வரைந்த வண்டி 1934-ல் ஜீலாங் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. "யூட்" என்று ஆஸ்திரேலியர்கள் செல்லமாக அழைக்கும் வண்டி அது. கடிதம் எழுதிய பெண்மணியின் பெயரை யாரும் குறித்து வைத்ததாகத் தெரியவில்லை.

வறட்சியிலும் போரிலும்

தொழிற்சாலை பிக்கப் வந்ததோடு காரை வெட்டும் வழக்கம் நின்றுவிடவில்லை. 1930களில் பஞ்சமும் புழுதிப் புயலும் ஒக்லஹோமா முதலிய மாநிலங்களின் உழவர்களை மண்ணைவிட்டு விரட்டியபோது, புது வண்டிக்கு யாரிடமும் பணமில்லை. பழைய கார்களின் பின்பாதியை அறுத்துத் தொட்டி கட்டி, வீட்டுச் சாமான்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு 66-ஆம் நெடுஞ்சாலை வழியே கலிஃபோர்னியாவுக்குப் புறப்பட்டார்கள். ஜான் ஸ்டைன்பெக் 1939-ல் எழுதிய "தி கிரேப்ஸ் ஆஃப் ராத்" நாவலில் ஜோட் குடும்பம் போகும் வண்டி, ஹட்சன் காரை அறுத்துச் செய்த இத்தகைய சுமையுந்துதான். தேய்ந்த டயரும் உடைந்த பேரிங்கும் அந்த நாவலில் கதைமாந்தர்களுக்கு இணையான இடம் பெறுகின்றன. போகாமல் ஊரிலேயே தங்கியவர்களில் சிலர், பெட்ரோலுக்கு வழியில்லாமல், காரின் அச்சையும் டயரையும் கழற்றி வண்டி செய்து கோவேறு கழுதையைப் பூட்டினார்கள். அப்போது அதிபராக இருந்தவரைக் கேலிசெய்து அதற்கு "ஹூவர் வண்டி" என்று பெயர் வைத்தார்கள். டயரைப் பேணச் சொன்ன அதே ஹூவர்தான். நம் ஊர் டயர் மாட்டுவண்டிக்கு அது தூரத்து உறவு.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் மிகப் பெரும்பங்கு அறுந்துபோயிற்று. போர்க்காலத்தில் அமெரிக்க அரசு முதன்முதலில் பங்கீட்டுக்குக் கொண்டுவந்த பொருள், 1942 ஜனவரியில், டயர். ஒருவர் ஐந்து டயர்களுக்கு மேல் வைத்திருந்தால் மிச்சத்தை அரசிடம் விற்றுவிட வேண்டும். வேகம் மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்த ஆண்டு இறுதியில் நாடு முழுவதும் வந்த பெட்ரோல் பங்கீட்டுக்கும் முதன்மைக் காரணம் பெட்ரோல் பற்றாக்குறை அல்ல. மக்கள் குறைவாக ஓட்டினால் டயர் தேயாது என்பதே கணக்கு. புதிய பிக்கப் உற்பத்தி பொதுமக்களுக்கு நின்றுபோனதால், பண்ணைக்காரர்கள் பழைய உத்திகளைத் தேடி எடுத்தார்கள்: ரீட்ரெடிங், உள்ளுறை, துணி ஒட்டு. மலாயாவில் பால்மரம் வெட்டிய தமிழர்களில் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோனதும், அவர்களில் மிகப் பலர் திரும்பாததும் இதே ஆண்டுகளில்தான்.

டயர் பங்கீடு 1945 டிசம்பர் இறுதியில் முடிந்தது. போருக்குப் பின் ஃபோர்டு நிறுவனம் முற்றிலும் புதிதாக வடிவமைத்த எஃப் வரிசை பிக்கப் 1948-ஆம் ஆண்டு மாடலாக வந்தது. அகலமான ஓட்டுநர் அறைக்காகப் பெரிதும் விளம்பரம் செய்யப்பட்ட அந்த வண்டியிலும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கான மழைத் துடைப்பான், வெயில் மறைப்பு, அந்தப் பக்கத்துப் பின்விளக்கு ஆகியவை தனி விலை கொடுத்து வாங்க வேண்டிய உதிரிகளாகவே இருந்தன.